கண்ணாடிப் பாட்டிலில் நான்கு டயர்கள்

அருள் பிரகாஷ் யாரையும் முதல் பார்வையில் நம்பியதில்லை. இரண்டாம் பார்வையிலும் அப்படியொன்றும் நம்பிவிடமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. இருபத்திரண்டு வருடமாக நில அளவையர் வேலை. யாரும் இல்லாத நேரம் பார்த்து எல்லைக்கல்லை ஒன்றரை அடி நகர்த்தி நட்டுவிட்டு, அளக்க வந்தவருக்கு இளநீர் சீவிக் கொடுத்துச் சிரிக்கிற அண்ணன் தம்பிகளைப் பார்த்துப் பார்த்து, இளநீரைக் கண்டாலே கல் எங்கே என்று தேடுகிற புத்தி வந்துவிட்டது. வீட்டில் மனைவி மரிய அனிதா காபியில் கொஞ்சம் சர்க்கரை கூடப் போட்டுவிட்டால் போதும், என்ன விஷயம் என்று கேட்பார். பள்ளிக்கூட டீச்சரான அனிதா, விஷயம் இருந்தால் காபியில் காட்டமாட்டேன், வாயால் சொல்வேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இப்பேர்ப்பட்ட மனுஷர் ஒன்பது வருடமாக ஒருவனை மட்டும் சந்தேகப்படாமல் இருந்தார். அவன் முத்துக்கண்ணன். காரைக்குடி செக்காலை ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பல்செட் செய்கிற லேப் வைத்திருப்பவன், அவரைவிட ஆறு வயது இளையவன். கட்டுகிற பல்லுக்கு நிறம் பொருத்திப் பார்க்க டாக்டர் அனுப்பி ஒன்பது வருடத்துக்கு முன் அங்கே போன அருள் பிரகாஷ், மேசையில் பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவே ஒரு குட்டிக் கார் நிற்பதைப் பார்த்தார். ஒரு சாணுக்கும் குறைவான கார். அதேபோல் மூன்று கார்களை அவரும் வீட்டு பீரோவில் ஒருவருக்கும் தெரியாமல் வைத்திருந்தார். நாற்பது வயசுக்காரன் பொம்மைக் கார் ஒட்டுகிறான் என்று ஆபீசில் தெரிந்தால் என்ன ஆவது என்ற கூச்சம். அன்றைக்குப் பல்லின் நிறத்தை இரண்டு பேருமே மறந்துபோனார்கள்.

அவர்கள் செய்தது சும்மா கார் இல்லை. ஹாட் ராட். தொண்ணூறு வருடத்துக்கு முந்தின அமெரிக்கக் காரை எடுத்து, மட்கார்டைக் கழற்றி எறிந்து, கூரையை அறுத்துத் தணித்து, மூடி இல்லாமல் பெரிய இன்ஜினைத் தூக்கி வைத்து, பின்னால் குண்டு டயரும் முன்னால் ஒல்லி டயரும் போட்டால் பாயப்போகிற மாதிரி ஒரு தோரணை வரும். அதையே இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்வது. கடையில் வாங்குகிற பிளாஸ்டிக் கிட்டில் பாதிதான் உதவும். மிச்சத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். புகைக்குழாய்க்கு ஊசி போடுகிற சிரிஞ்சின் ஊசி, விளக்குக்கு மூக்குத்திக் கல், சீட்டுக்கு அனிதா தூக்கிப் போட்ட கைப்பை, ஒயருக்குக் கெட்டுப்போன இயர்போன். இன்ஜினையும் சக்கரத்தையும் பல்லுக்கான ரெசினில் முத்துக்கண்ணன் வார்ப்பான். பாடியை அறுத்து ஒட்டித் தேய்த்து பெயிண்ட் அடிப்பது அருள் பிரகாஷ். யாருக்கு எது கிடைத்தாலும் லேப்பில் இருக்கிற பிஸ்கட் டின்னில் போட்டுவிட வேண்டும். அந்த டின் இரண்டு பேருக்கும் பொது. இந்த வட்டாரத்தில் இதைப் பற்றி உட்கார்ந்து பேச மூன்றாவது ஆள் கிடையாது. முத்துக்கண்ணன் இல்லையென்றால் அருள் பிரகாஷ் மறுபடியும் பீரோவுக்குள் ஒளித்து வைத்து விளையாடுகிற ஆள்தான். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தை மாதம் முத்துக்கண்ணன் நான்கு டயர்களைக் கண்டுபிடித்தான். நெற்குப்பை ஊரில் இடித்த ஒரு பெரிய வீட்டிலிருந்து பழம்பொருள் கடைக்கு வந்த தகரப்பெட்டிக்குள், அந்தக் காலத்தில் யாரோ பினாங்கிலிருந்து கொண்டுவந்து பாதியில் விட்ட மாடல் கார் ஒன்று கிடந்திருக்கிறது. கார் நொறுங்கிவிட்டது, டயர்கள் மட்டும் பிழைத்திருந்தன. மெத்தென்ற கறுப்பு, ஓரத்தில் வெள்ளைக் கோடு, பக்கத்தில் படிக்க முடிகிற எழுத்து. இப்போது வருகிற எந்தக் கிட்டிலும் இப்படிக் கிடையாது. ஈஸ்டருக்கு அடுத்த இரண்டாம் ஞாயிறு கோயம்புத்தூரில் மாடல் கண்காட்சி. மாதுளை முத்து நிறத்தில் பதினோரு கோட்டிங் அடித்து அருள் பிரகாஷ் முடித்து வைத்திருந்த பாடியை இந்த டயர்களில் நிறுத்தி, அட்டையில் இரண்டு பேர் பெயரையும் எழுதி வைப்பதாகத் திட்டம்.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு அடுத்த சனிக்கிழமை காலை அவர் லேப்புக்குப் போனபோது டின்னில் டயர்கள் இல்லை. நிமிர்ந்து பார்த்தால் மேல் தட்டில், பல் பொடி டப்பாக்களுக்குப் பின்னால், இறுக்கி மூடிய ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் நான்கும் இருந்தன. பொதுப் பெட்டியிலிருந்து எடுத்துத் தனியாக ஏன் வைக்க வேண்டும்? கேட்டிருக்கலாம். கேட்க வாயெடுத்த நேரத்தில் மேசைமேல் கிடந்த முத்துக்கண்ணனின் போன் அதிர்ந்தது. திரையில் 'தேவா மதுரை' என்று வந்தது. அவன் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். திரும்பி வந்து போனை வைத்தபோது அதில் அந்த டயர்களின் படம் தெரிந்தது.

தேவா என்ற பெயரைக் கேட்டால் மாடல் செய்கிறவர்கள் கூட்டாளியைப் பத்திரப்படுத்திக்கொள்வார்கள். மதுரையில் கண்ணாடி அலமாரி நிறைய கார் வைத்திருக்கிற ஆள். தானாக ஒன்றும் செய்யமாட்டார், செய்கிற ஆளை இனிக்கப் பேசித் தன் பக்கம் இழுத்துக்கொள்வார் என்று பேச்சு. இரண்டு வருடத்துக்கு முன் சிவகங்கை வீரணன் அங்கே போனவன்தான், பழைய கூட்டாளியின் போனைக்கூட எடுப்பதில்லை. அருள் பிரகாஷுக்குக் கணக்கு நேராகப் போனது. முதலில் டயர் போகும், பின்னாலேயே டயர் கண்டுபிடித்தவனும் போவான். எத்தனை எல்லைக்கல் பார்த்திருக்கிறார்! நகர்கிற கல் ஒரே நாளில் நகராது.

முத்துக்கண்ணன் ஒரு பல்செட்டை கிளினிக்கில் கொடுக்கப் போனான். லேப்பைக் கூட்டித் துடைக்கிற ஒச்சம்மாள் முன்னறையில் முதுகைக் காட்டிக்கொண்டு பிளாஸ்டர் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அருள் பிரகாஷ் எழுந்தார், பாட்டிலைத் திறந்தார், நான்கையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூடியை முன்னைவிட இறுக்கமாகத் திருகி இருந்த இடத்திலேயே வைத்தார். திருடுகிறோம் என்று அவர் நினைக்கவில்லை. பொதுச் சொத்தைப் பாதுகாப்பில் எடுத்து வைக்கிறோம் என்று நினைத்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவருக்கு வார்த்தைக்கா பஞ்சம்.

கோட்டையூர் வீட்டுக்கு வந்ததும் எங்கே வைப்பது என்று யோசித்தார். மேசை டிராயரை அனிதா திறப்பாள். பீரோவில் பாடி இருந்தது. பெயிண்ட் நன்றாக இறுகட்டும் என்று துணியில் சுற்றி வைத்திருந்தார், கடைசி வாரம் வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். அதைவிடப் பத்திரமான இடம் ஏது? குண்டு டயர் இரண்டைக் கூரைக்கு அடியிலும், ஒல்லி டயர் இரண்டை முன்பக்கமும், ஆடாமல் இறுக்கமாகச் செருகினார். மறுபடியும் துணியைச் சுற்றி, மேற்குச் சுவரை ஒட்டி நிற்கிற அந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இனி முத்துக்கண்ணன் பதறி அடித்துக்கொண்டு வருவான், டயரைக் காணோம் என்பான், அப்போது அவன் முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று காத்திருந்தார். அவன் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை போனார். அவன் இன்ஜின் பற்றிப் பேசினான், சிரிஞ்ச் ஊசியை வளைக்கிற விதம் பற்றிப் பேசினான். டயர் என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. பாட்டில் தட்டிலிருந்தே மறைந்துவிட்டது. கடைசியில் இவர்தான் பொறுக்க முடியாமல், டயரெல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று போகிற போக்கில் கேட்கிற மாதிரி கேட்டார்.

"இருக்குண்ணே," என்றான் முத்துக்கண்ணன், தலையைத் தூக்காமல்.

இருக்கிறதா? டயர் அருள் பிரகாஷின் வீட்டு பீரோவில். இருக்கிறது என்று இவனால் எப்படிச் சொல்ல முடியும்? டயரை எடுத்தவர் தாம்தான் என்பது அந்த நிமிஷத்தில் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. முத்துக்கண்ணன் கண்ணைப் பார்க்காமல் பொய் சொன்னான் என்பதுதான் படுபாதகமாகப் பட்டது. ஒன்பது வருடத்தில் முதல் பொய். ஸ்கூட்டரில் வீடு திரும்புகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். அழுகை வருகிற மாதிரிகூட இருந்தது.

அதற்கப்புறம் எதைப் பார்த்தாலும் அதற்கு ஏற்ற மாதிரியே இருந்தது. லேப்பின் பின்னறைக் கதவு பூட்டியே கிடந்தது. கேட்டால் மருந்து வாடை வரும் என்றான். தேவாவின் போன் வாரத்துக்கு மூன்று தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் சந்துக்கு இறங்கிப் போய்ப் பேசினான். ஒச்சம்மாளைக் காணவில்லை, வேலைக்கு வருவதில்லை என்றான், காரணம் சொல்லவில்லை. பின்னறையில் என்ன நடக்கிறது என்று பார்க்க ஆள் இருக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டான் என அருள் பிரகாஷ் முடிவுகட்டினார். கண்காட்சி அன்றைக்கு, டயர் இல்லை என்று இவன் கையை விரிக்கிற நேரம் பார்த்து, எல்லார் முன்னாலும் பாடிக்குள்ளிருந்து நான்கையும் எடுத்து மேசையில் வைப்பதாகத் தீர்மானம் செய்துகொண்டார். அந்தக் காட்சியை நினைத்தால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கும். பிறகு, அதற்கு அடுத்த சனிக்கிழமை எங்கே போவது என்ற நினைப்பு வந்துவிடும்.

தவக்காலம் போய்க்கொண்டிருந்தது. வருடம் தவறாமல் பெரிய வெள்ளிக்கு முன்னால் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுகிற மனுஷர் இந்த வருடம் ஏதேதோ சாக்குச் சொன்னார். முதல் வாரம் ஆபீசில் வருடக் கணக்கு வேலை, அடுத்த வாரம் முட்டி வலி. அனிதா ஒரு நாள் இட்லி வைத்துக்கொண்டே நேராகக் கேட்டாள்.

"சாமியார்கிட்டச் சொல்ல முடியாத அளவுக்கு என்னத்தச் செஞ்சு வச்சிருக்கீக?"

ஒன்றுமில்லை என்றார். எதையும் கேட்காமல் விடுகிறவள் இல்லை அவள், அன்றைக்கு விட்டுவிட்டாள். அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. ஈஸ்டர் அன்று கோயிலில் நன்மை அப்பம் வாங்கப் போகாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை மத்தியானம் முத்துக்கண்ணனே வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். நாற்காலியில் உட்காரவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து மேசைமேல் வைத்தான். நான்கு டயர்கள். கறுப்பு, ஓரத்தில் வெள்ளைக் கோடு, பக்கத்தில் படிக்க முடிகிற எழுத்து.

அருள் பிரகாஷுக்கு ஒன்றும் புரியவில்லை. சாவி தம் இடுப்பில்தான் இருந்தது, தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அந்த டயர நான் தொலச்சுப்புட்டேன்ணே," என்றான் முத்துக்கண்ணன். "பாட்டில்லதான் வச்சேன். திங்கக்கெழம பாத்தா இல்ல. எங்குட்டுப் போச்சுன்னே தெரியல. உங்ககிட்டச் சொல்ல மொகமில்லாம, 'இருக்கு'ன்னு பொய் சொல்லிட்டேன்."

பிறகு மளமளவென்று சொன்னான். பிளாஸ்டர் குப்பையை மூன்று நாள் சல்லடையில் சலித்துப் பார்த்திருக்கிறான். பழைய டயர் பிளாஸ்டிக்கைத் தின்னும், எதோடும் ஒட்ட வைக்காதே, கண்ணாடியில் போட்டு வை என்று முதலிலேயே படத்தைப் பார்த்துச் சொன்னது தேவாதான். அந்தப் பழக்கத்தில் அவரையே கூப்பிட்டு அழுதிருக்கிறான். அவரிடம் அதே டயர் ஒரு செட் இருந்தது. ஒவ்வொரு அளவாக எடுத்துப் போனில் சொல்லியிருக்கிறார். பல் அச்சு எடுக்கிற சிலிக்கனில் பின்னறையில் வைத்து வார்த்து வார்த்து ஆறு தடவை கெட்டுப்போய், ஏழாவது தடவை சரியாக வந்திருக்கிறது.

"யார் எடுத்திருப்பான்னு யோசிக்கலையா?" என்று கேட்டார் அருள் பிரகாஷ்.

"லேப்புக்குள்ள வாரது நீங்க, நானு, ஒச்சம்மாக்கா. உங்க பேரு நெனப்புலயே வரலண்ணே. அக்காவக் கேட்டுட்டேன். கொஞ்சம் அழுத்திக் கேட்டுட்டேன் போல. வெளக்குமாத்த வச்சுட்டுப் போனவுகதான்."

அருள் பிரகாஷ் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். உண்மையாகவே திறந்தார். அதற்குள் முத்துக்கண்ணன், பாடியை எடுங்கண்ணே, டயர் உட்காருதா பார்ப்போம் என்றான். இவர் திறந்த வாயால், பெயிண்ட் இன்னும் இறுகவில்லை, நாளைக்குப் பார்க்கலாம் என்றார். ஏழு வாரமா இறுகவில்லை என்று கேட்டுக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்த அனிதா, அவர் இடுப்பிலிருந்து சாவியை உருவி, பீரோவைத் திறந்து, துணி மூட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

முத்துக்கண்ணன் துணியைப் பிரித்தான். கடைசிச் சுற்றில் துணி ஒட்டிக்கொண்டு வரவில்லை, மெதுவாக இழுத்தான். பதினோரு கோட்டிங் மாதுளை நிறம் கூரையில் கொப்புளித்திருந்தது. நடுவில் வட்டமாக இரண்டு பள்ளம். கவிழ்த்துப் பார்த்தான். உள்ளே குண்டு டயர் இரண்டும் கூரையோடு உருகி ஒட்டி, வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுத்தன. முன்னால் ஒல்லி டயர்கள் பிளாஸ்டிக்கை அரித்து உள்ளே இறங்கியிருந்தன. ஏழு வாரம், மேற்குச் சுவர் வெயில், இரும்பு பீரோ.

அவன் விரலால் அந்தப் பள்ளத்தின் ஆழத்தைத் தடவிப் பார்த்தான். பல்லின் ஆழத்தை விரலிலேயே அளக்கிற கை.

"இது ஒரு வாரம் ரெண்டு வாரத்துல திங்கிறதில்ல," என்றான். "அன்னைக்கே எடுத்திருக்கீக."

திட்டியிருக்கலாம். காரைத் தூக்கிச் சுவரில் எறிந்திருக்கலாம். அருள் பிரகாஷ் அதற்குத்தான் காத்திருந்தார். எறிந்தால் பொறுக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம். அவன் பாடியை மறுபடியும் துணியில் சுற்றி வைத்துவிட்டு, கெளம்புங்கண்ணே, ஒச்சம்மாக்கா வீட்டுக்குப் போகணும் என்று மட்டும் சொன்னான். அவள் ஊரான சாக்கோட்டை வரைக்கும் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வந்தான். அவர் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை.

ஒச்சம்மாள் வாசலில் சாக்கை விரித்து, அரிவாள்மணையில் புளி உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு உடைக்கிற புளி, பக்கத்தில் இன்னும் மூன்று மூட்டை இருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கண்ணே என்று முத்துக்கண்ணன் விலகி நின்றுகொண்டான்.

"டயர நான்தாம்மா எடுத்தேன்," என்றார் அருள் பிரகாஷ். "நீங்க எடுக்கல."

"தெரியுமே சார்," என்றாள் ஒச்சம்மாள். கை நிற்கவில்லை. "சன்னல் கண்ணாடியில தெரிஞ்சுச்சு. பாட்டிலத் தொறந்து சட்டப் பையில போட்டீக."

முத்துக்கண்ணன் முன்னால் வந்தான். பின்னே ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எங்கிட்ட, எடுத்தியான்னுதான கேட்டீக தம்பி? யாரு எடுத்தான்னா கேட்டீக? சொல்லியிருந்தா நம்பியிருப்பீகளா, சர்வேயர் சார் எடுத்தாருன்னு?"

ஒச்சம்மாள் அடுத்த புளியை எடுத்தாள்.

"ரெண்டு பேரும் அந்தக் காரு மேல ஒண்ணாக் குனிஞ்சு கெடப்பீக. எடுத்தவரு சொல்லாமலா போவாருன்னு இருந்தேன். மறுநா சொல்லுவாரு, மறுவாரம் சொல்லுவாருன்னு பாத்தேன். அதுக்கு மேல பாக்க எனக்கு நேரமில்ல. வேற வேலை இருந்துச்சு."

திங்கட்கிழமையிலிருந்து லேப்புக்கு வரச் சொல்லி முத்துக்கண்ணன் கேட்டுக்கொண்டான். அவள் வரமாட்டேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, முடிந்துபோன விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அருள் பிரகாஷ் மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தார். புளித்தூசி பறக்கும் சார், தள்ளி நில்லுங்க என்றாள். அதற்கு மேல் நிற்க இடமில்லை.

ரோட்டுக்கு வந்ததும் அவர் ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினார். முத்துக்கண்ணன் ஏறவில்லை. பஸ்ஸில் வந்துகொள்கிறேன், நீங்கள் போங்கள் என்றான். எதிரே நிழலுக்குப் போய் நின்றான். அருள் பிரகாஷ் ஸ்கூட்டரை விட்டு இறங்கி அவன் பக்கத்தில் போனார். அவர் வாழ்க்கையில் யாரிடமும் இதைப்போல ஒன்றைச் சொன்னதில்லை.

"நீ தேவாகூடப் போயிருவியோன்னு பயந்துட்டேன் முத்து."

காரைக்குடி டவுன் பஸ் வந்து நின்றது. முத்துக்கண்ணன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினான்.

"அன்னைக்கே இதக் கேட்டிருந்தீகன்னா சிரிச்சிருப்பேன்ணே," என்றான். பஸ் கிளம்பியது. உள்ளே இடமிருந்தும் அவன் உட்காராமல், முதுகைக் காட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனான்.